பழைய குளக்கட்டு பூகம்பத்தைத் தாங்குமா? இரணைமடுவுக்குக் கீழே உறவுகள் உள்ள ஒரு பிள்ளைக்குப் பதில்

பிள்ளை, உமது கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. அம்மம்மா வீடு வட்டக்கச்சியில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே. குளக்கட்டுக்கு ஏறக்குறைய நூறு வயது. 2020இல் கண்டிப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய ஊர்களில் நிலம் சிறிதாக அதிர்ந்தது. அதைவிடப் பலமாக ஒருநாள் இங்கே அதிர்ந்தால் கட்டு நிற்குமா என்பது முதலாவது. பழைய அணையை இடித்துக் கட்டாமல், பூகம்பத்தைத் தாங்கும்படி செய்ய வழி உண்டா என்பது இரண்டாவது. யாழ்ப்பாணத்தில் பெரிய ஆறும் இல்லை, அணையும் இல்லை, இதை யாரிடம் கேட்பது என்றும் எழுதியிருந்தீர். நான் நீர்ப்பாசன வேலையிலேயே தலை நரைத்து, இப்போது கோண்டாவிலில் வீட்டோடு இருப்பவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவதற்கு முதலில் பதில்: வழி உண்டு, பல நாடுகளில் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வழி விளங்க வேண்டுமென்றால் பூகம்பத்தில் ஒரு மண் அணை எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நிலம் குலுங்கும், அணை பிளக்கும், தண்ணீர் பாயும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குலுக்கல் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அணை போவது அதற்குப் பிறகு, தண்ணீரால்.

1971 பெப்ரவரி 9ஆம் திகதி விடியற்காலை, கலிபோர்னியாவில் லொஸ் ஏஞ்சலிசுக்கு வடக்கே 6.6 அளவில் ஒரு பூகம்பம் வந்தது. அங்கே கீழ் சான் பெர்னாண்டோ என்றொரு மண் அணை, 43 மீற்றர் உயரம். 1912இல் கட்டத் தொடங்கியது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டு, படியவிட்டு, அப்படியே எழுப்பியிருந்தார்கள். உருளை போட்டு இறுக்கிய மண் அல்ல அது. குலுக்கல் முழுவதையும் அந்த அணை தாங்கி நின்றது. எல்லாம் அடங்கி அரை நிமிடம் அளவில், குளத்துப் பக்கச் சரிவும் மேல்முகடும் சேர்ந்து தண்ணீருக்குள் வழுகிப் போயின. நல்ல காலம், அன்று நீர்மட்டம் முகட்டிலிருந்து 11 மீற்றர் அளவு கீழே இருந்தது. சரிந்த பிறகு தண்ணீருக்கு மேலே மிஞ்சியது ஒன்றரை மீற்றர் மண், அதுவும் வெடிப்பு விழுந்த மண். கீழே குடியிருந்த 80,000 பேரை வீடுகளை விட்டு எழுப்பி அனுப்பிவிட்டு, நாட்கணக்கில் தண்ணீரை வடியவிட்டார்கள். நான் படிக்கிற காலத்தில் அந்த அணையின் படத்தைப் பார்த்தேன். அந்த ஒன்றரை மீற்றர் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

குலுக்கல் நின்ற பிறகு ஏன் சரிந்தது? காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாரும். அலை வந்து திரும்பிய இடத்தில் ஈரமணல் இறுக்கமாக, நடக்கச் சுகமாக இருக்கும். ஒரே இடத்தில் நின்று இரண்டு காலாலும் மாறி மாறி விடாமல் மிதியும். கொஞ்ச நேரத்தில் மணல் பளபளக்கும், தண்ணீர் மேலே வரும், கால் மெல்ல மெல்லப் புதையத் தொடங்கும். புதிதாக ஒரு துளி தண்ணீரும் அங்கே வரவில்லை. மிதிபடும்போது மணல்மணிகள் நெருங்கி உட்காரப் பார்க்கின்றன. இடையில் இருக்கிற தண்ணீருக்குச் சட்டென்று வெளியேற வழியில்லை. அதனால் உமது பாரம் மணலிலிருந்து தண்ணீருக்கு மாறுகிறது. தண்ணீரில் நிற்க முடியாதே, அதனால் கால் தாழ்கிறது. காலை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் மணல் பழையபடி இறுகிவிடும்.

மண் திரவமாதல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தளர்ந்த மணல், அதில் நிறைந்த தண்ணீர், திரும்பத் திரும்ப வரும் குலுக்கல், மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். நன்றாக இறுகிய மண்ணில் இந்த ஆபத்து மிகக் குறைவு. உரமான களிமண்ணிலும் அப்படித்தான்.

நமது குளக்கட்டுகள் மண்ணைக் கொட்டி இறுக்கிக் கட்டியவை. ஆகவே கட்டின் உடம்பைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. என் கண் போவது கட்டுக்குக் கீழே. குளம் என்பது ஓர் ஆற்றை மறித்துக் கட்டியது. இரணைமடு என்றால் கனகராயன் ஆறு. ஆறு முன்பு ஓடிய படுகையில் காலாகாலமாக மணல் படிந்திருக்கும். அதை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டுக் கட்டினார்களா, மணலுக்கு மேலேயே கட்டினார்களா என்பது ஒவ்வொரு பழைய குளத்திலும் கேட்க வேண்டிய முதற் கேள்வி. குஜராத்தில் 2001 ஜனவரி 26ஆம் திகதி புஜ் பூகம்பம் வந்தபோது சாங், தப்பர், சிவ்லக்கா, ருத்ரமாதா என்று பல மண் அணைகள் சேதப்பட்டன. நமது குளக்கட்டுகளைப் போன்ற, அதிக உயரமில்லாத மண் அணைகள் அவை. பலவற்றில் காரணம் அடியிலிருந்த ஆற்று மணல். அடி இளகியதும் கட்டு அகன்று, தாழ்ந்து, நெடுக வெடித்துவிட்டது. ஆனாலும் வெள்ளத்தில் ஊர்கள் அடிபட்டுப் போகவில்லை. வறட்சிக் காலம், குளங்களில் தண்ணீர் மிகக் குறைவு.

இதற்குப் பக்கத்தில் ஜப்பானின் புஜினுமா அணையை வைத்துப் பாரும். 18.5 மீற்றர் உயரம், 1949இல் முடிந்த மண் அணை. 2011 மார்ச் 11ஆம் திகதிப் பெரிய பூகம்பத்தன்று பாசனத்துக்காகத் தண்ணீர் நிறையத் தேக்கி வைத்திருந்தார்கள். முகடு சரிந்தது, அதற்கு மேலால் தண்ணீர் பாய்ந்தது, அரித்துக்கொண்டே போய் முழு அணையும் இல்லாமற் போனது. கீழே இருந்த எட்டுப் பேர் போய்விட்டார்கள். ஒரு குளம் வெறுமையாக இருந்ததும் மற்றது நிரம்பி இருந்ததும்தான் இந்த இரண்டு கதைகளுக்கும் இடையில் உள்ள பெரிய வித்தியாசம். அதனால் பழைய அணையில் சந்தேகம் வந்தால் எந்த நாட்டிலும் முதலில் செய்கிற வேலை, நீர்மட்டத்தைச் சில அடி குறைத்து வைப்பது. அன்றைக்கே செய்யலாம், ஒரு சதமும் செலவில்லை. ஆனால் விவசாயிக்குத்தான் அதன் விலை விழும். மாரியில் நிரம்புகிற குளத்தை நம்பிச் சிறுபோகம் விதைக்கிறவனிடம் நாலடி தண்ணீரை விடு என்றால் அவன் வயலில் எத்தனை ஏக்கர் குறையும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஆகவே அது நிரந்தர மருந்தல்ல, திருத்த வேலை முடியும் வரைக்கும்தான்.

சரி, திருத்த வேலை என்ன?

முதலில் துளை போட்டுப் பார்க்க வேண்டும். 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை தரம் அடிக்க வேண்டும் என்று எண்ணுவோம். உலகம் முழுக்க இதே சம்மட்டி, இதே உயரம். ஏழு எட்டுத் தரம் அடித்ததுமே குழாய் இறங்கிவிட்டால், அது தண்ணீர் ஊறிய மணலாகவும் இருந்தால், கவலைப்பட வேண்டும். முப்பதுக்கு மேல் போனால் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடிக்கலாம். பழைய வரைபடத்தில் அடித்தளம் களிமண் என்று எழுதியிருக்கும், துளை போட்டால் மணல் வரும். வன்னியில் ஒரு சிறு குளத்தில் எனக்கே அப்படி நடந்தது. கட்டின் நடுப்பகுதியில் மூன்று துளையிலும் களி, நாலாவதில் வெள்ளை மணல். ஆறு முன்பு வளைந்து ஓடிய இடம் அது. ஊர் முதியவர் ஒருவர் அந்த இடத்தை முன்பே கையால் காட்டியிருந்தார், நாங்கள்தான் வரைபடத்தை நம்பினோம்.

அடியில் மணல் இருந்தால் அதை இறுக்க வேண்டும், அல்லது கட்டிப்பிடிக்க வைக்க வேண்டும். ஆழமாகத் துளைத்து, சீமெந்தையும் மண்ணையும் அங்கேயே கலந்து, நிலத்துக்குள் தூண்களும் சுவர்களுமாக உருவாக்குவது ஒரு முறை. சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிட்ட சான் பாப்லோ அணை இருக்கிறது, இரணைமடுவின் வயதொத்தது. அதன் கீழ்ப்பக்க அடியில் இப்படிச் சீமெந்து கலந்து, அதற்கு மேலே பெரிய மண் முட்டும் கொடுத்து 2010இல் வேலையை முடித்தார்கள். தளர்ந்த மண்ணில் கல் நிரப்பிய தூண்களை இறக்குவது இன்னொரு முறை. ஆழம் குறைவென்றால் தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண் போட்டு இறுக்குவதுதான் சிறந்தது. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, கண்ணால் பார்க்கலாம்.

பிறகு முட்டு. கட்டின் வெளிப்பக்கச் சரிவுக்கு இன்னொரு படி மண் கொடுத்து, அடியை அகலப்படுத்துவது. சாய்கிற வேலிக்கு முண்டு கொடுப்பது போலத்தான். ஆனால் அந்த முட்டு மண்ணைவிட எனக்கு முக்கியம், பழைய சரிவுக்கும் புதிய முட்டுக்கும் நடுவில் போடுகிற மணல் வடிகட்டி. பூகம்பத்தில் கட்டு குறுக்கே வெடிக்கும் என்றே வைத்துக்கொள்ளும். வெடிப்புக்குள்ளால் தண்ணீர் வரும், களிமண்ணை அரித்துக்கொண்டு வரும், ஓட்டை பெருக்கும். வழியில் ஒரு மணல் அடுக்கு நின்றால் தண்ணீர் போகும், களிமண் துகள் மாட்டிக்கொள்ளும், வெடிப்பு தானாகவே அடைபடும். அதற்கு மணல் சுத்தமாக இருக்க வேண்டும். களி கலந்த மணல் என்றால் அதுவும் சேர்ந்து வெடித்து, வெடித்தபடியே நிற்கும்.

நல்ல மணலா என்று பார்க்கிற சோதனையைக் கேட்டால் உமக்குப் புதினமாக இருக்கும். சின்னப்பிள்ளைகள் சிரட்டையில் ஈரமணலை அமத்திக் கவிழ்த்து மணற்புட்டு அவிப்பார்களே, அதேதான். மணலை அப்படி இறுக்கிக் கவிழ்த்து ஒரு தட்டில் வைத்து, மெல்லத் தண்ணீர் விடுவோம். தண்ணீர் ஏற ஏற அது சரிந்து குவியலாகிவிட்டால் அந்த மணல் வடிகட்டிக்கு உதவும். தண்ணீருக்குள்ளும் புட்டுப் போலவே நின்றால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். லொறி லொறியாக இறக்கிய மணலைத் திருப்பி அனுப்பச் சொன்னால் ஒப்பந்தக்காரர் கோபிப்பார். கோபித்துக்கொள்ளட்டும்.

முகட்டுக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் உள்ள வெற்று உயரம் அடுத்தது. புஜினுமாவில் இல்லாமற் போனதும் சான் பெர்னாண்டோவில் காப்பாற்றியதும் அதுதான். கட்டு ஒரு மீற்றர் தாழ்ந்தாலும் தண்ணீர் மேலால் வழியாதபடி இருக்க வேண்டும். இரணைமடுவை 2010களில் புனரமைத்தபோது கட்டைத் திருத்தித் தேக்கும் மட்டத்தையும் கூட்டினார்கள். கூடுதல் தண்ணீர் விவசாயத்துக்கு நல்லது. ஆனால் கட்டை உயர்த்திய அளவுக்குத் தண்ணீரையும் உயர்த்தினால் வெற்று உயரம் முன்போலவேதான் இருக்கும். எந்தக் குளத்திலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

வயலுக்குத் தண்ணீர் விடுகிற துருசும், மிஞ்சிய வெள்ளத்தை வெளியே விடுகிற வான் கதவும் பலரும் மறக்கிற இடங்கள். துருசுக் குழாய் கட்டுக்குள்ளால் குறுக்கே போகிறது. குழாயை ஒட்டி உருளை போக முடியாது, ஆகவே கட்டு முழுவதிலும் மண் மெலிந்த இடம் அதுதான். குலுக்கலில் செங்கல் குழாய் வெடித்தால் தண்ணீர் கட்டின் வயிற்றுக்குள்ளேயே பாயும். பழைய குழாய்க்குள் புதிய இரும்புக் குழாயை நுழைத்து இடைவெளியைச் சீமெந்துக் குழம்பால் நிரப்பலாம், வெளிவாயைச் சுற்றி மணல் வடிகட்டியும் கட்டலாம். வான் கதவு பூகம்பத்துக்குப் பிறகும் திறக்க வேண்டும். மின்சாரம் அன்றைக்கு இருக்காது. ஜெனரேற்றர் ஓடுமா, அதுவும் ஓடாவிட்டால் கையால் சுற்றித் திறக்கிற ஏற்பாடு இருக்கிறதா, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு எவ்வளவு காலம்? இதற்கெல்லாம் பெரிய படிப்புத் தேவையில்லை, வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.

கொங்கிறீட், கல் அணைகளின் கதை வேறு. நமது பக்கத்துக் குளங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மகாராஷ்டிராவில் கொய்னா அணை, 103 மீற்றர் உயரம். 1967 டிசம்பர் 11ஆம் திகதி விடியப்புறம் அதற்குக் கிட்டவே பூகம்பம். ஏறக்குறைய 180 பேர் வீடுகள் இடிந்து இறந்தார்கள். அணை நின்றது, ஆனால் மேற்பகுதியில், சரிவு மாறுகிற இடத்தில் குறுக்கே வெடித்தது. பனையின் அடி அசையாமல் வட்டு ஆடுவது போல, அணையிலும் ஆட்டம் உச்சியில்தான் கூட. பிறகு வெளிப்பக்கத்தில் கொங்கிறீட் முட்டுகள் கட்டி வலுப்படுத்தினார்கள். 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் கொண்டு கட்டி முடித்த முல்லைப் பெரியாறு உமக்குச் செய்திகளில் பழக்கமாக இருக்கும். 1979க்குப் பிறகு அங்கே செய்தது மூன்று வேலை: உச்சியில் கொங்கிறீட் தொப்பி போட்டுப் பாரம் கூட்டினார்கள், மேலிருந்து துளைத்து உருக்குக் கம்பிகளை அடிப்பாறை வரை இறக்கி இறுக்கினார்கள், பின்பக்கம் கொங்கிறீட் சுவர் சேர்த்தார்கள். கம்பியால் பாறையோடு இறுக்குகிற முறை அல்ஜீரியாவில் ஷெர்பாஸ் அணையில் 1934இலேயே செய்தது.

இனி உமது முதலாவது கேள்வி. இலங்கை பூமித்தட்டின் விளிம்பில் இல்லை. சுமாத்திராவில் வருவது போன்ற பூகம்பம் இங்கே வராது. ஆனால் தட்டின் நடுவிலும் வரும். 1993இல் மகாராஷ்டிராவின் கில்லாரியில் 6.2 அளவில் வந்து ஏறக்குறைய 10,000 பேரைக் கொண்டுபோனது. ஆபத்துக் குறைந்த இடம் என்று அதுவரை கருதப்பட்ட பிரதேசம் அது. கொழும்பில் 1615இல் பெரிய அதிர்வு என்று போர்த்துக்கேயர் காலத்துக் குறிப்பு உண்டு. ஆகவே வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய அணைகளுக்கு உலக வழக்கம் இது: ஏறக்குறைய 145 வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய அதிர்வில் அணையின் வேலை தடைப்படக் கூடாது, 10,000 வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடியதில் சேதம் வரலாம், ஆனால் தண்ணீரைக் கட்டுமீறி விட்டுவிடக் கூடாது. வெடிக்கட்டும், தாழட்டும், தண்ணீரைப் பிடித்து நிற்க வேண்டும். பழைய குளத்திடமும் நான் அதைத்தான் எதிர்பார்ப்பேன்.

பூகம்பத்துக்கென்று தனியாகக் கோடி கோடியாகச் செலவழிக்கிற நாடு நாங்கள் இல்லை என்று நீர் யோசிக்கலாம். கந்தளாயை நினைத்துப் பாரும். குளக்கோட்டன் கட்டியதாக நாம் சொல்லிவரும் குளம். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம் உடைத்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எந்தப் பூகம்பமும் இல்லை. கசிவு உள்ளே இருந்து மண்ணை அரித்தது. நான் அப்போது வேலைக்குப் புதிது. வயல் இருந்த இடத்தில் மணலும், வீட்டுக் கூரை மரத்தில் தொங்கியதும் நான் கண்ணால் கண்டது. மேலே சொன்ன வடிகட்டி, துருசுத் திருத்தம், வெற்று உயரம், திறக்கக்கூடிய வான் கதவு இவற்றில் ஒன்றுகூடப் பூகம்பத்துக்கு மட்டும் ஆனதல்ல. கசிவுக்கும் பெருவெள்ளத்துக்கும் அதே மருந்து. அடித்தள மணலை இறுக்குவது மட்டும்தான் பூகம்பத்துக்கென்றே செய்கிற வேலை. அதுவும் துளையில் மணல் வந்தால் மாத்திரம்.

யாழ்ப்பாணத்தில் அணை இல்லை என்றீர். தொண்டைமானாற்றுத் தடுப்புக் கதவுகள் இருக்கின்றன. அது உயரம் குறைந்தது, உடைத்தால் ஊரை அள்ளிப் போகாது. ஆனால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறினால் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் கிணறுகளுக்குப் போகும், திரும்ப இனிக்க வருடங்கள் எடுக்கும். அதையும் குளக்கட்டைப் போலவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மம்மா வீட்டுக்குப் போகிறபோது ஒரு வேலை செய்யும். குளம் நிரம்பியிருக்கும் தை மாதமென்றால் நல்லது. கட்டின் வெளிப்பக்க அடியில், புல் மற்ற இடத்தைவிடக் கூடப் பச்சையாக இருக்கும் இடத்தைத் தேடும். அங்கே சிறு ஊற்றாகத் தண்ணீர் வரலாம். வருவது தானாகப் பிழையில்லை, எந்த மண் கட்டும் கொஞ்சம் கசியும். ஒரு வெறும் கண்ணாடிப் போத்தலில் அதைப் பிடித்து, அசைக்காமல் ஒரு மணித்தியாலம் வையும். அடியில் ஒன்றும் படியாவிட்டால் அது வெறும் தண்ணீர். மெல்லிய களி படிந்திருந்தால், அல்லது போன வருடம் விரலளவு வந்தது இந்த வருடம் கையளவு வந்தால், கட்டின் மண் வெளியே வருகிறது. இடத்தைக் கட்டின் மைல்கல் எண்ணோடு குறித்துக்கொண்டு, குளத்துப் பொறியியலாளரிடம் போத்தலையும் கொண்டுபோய்க் கொடும். நிலம் அதிர்ந்ததாக எப்போதாவது கேள்விப்பட்டால் அன்றைக்கும், மறுநாளும், அடுத்த ஒரு கிழமைக்கும் அதே இடத்தில் அதே போத்தலைப் பிடிக்கச் சொல்லி மாமாவிடம் சொல்லி வையும்.